குட்டி ராஜத்தின் முகம்

சேமியா உப்புமாவைக் கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. விடிவதற்குள் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற ஊர் எங்களுடையது. மாவு பொங்கவில்லை, சட்னிக்குத் தேங்காய் இல்லை என்றால் கை தானாக நீளுவது சேமியா பாக்கெட்டுக்குத்தான். இப்போது ஐஸ் பெட்டியில் இட்லி மாவு வருகிறது. ஓட்ஸ் வருகிறது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்று கப்பில் அடைத்த நூடுல்ஸ் வருகிறது. வரட்டும், யார் வேண்டாம் என்றது? எங்கள் கோலார் தங்கவயலில் பாதி டிபன் டப்பாவுக்குள் இருப்பது இன்றைக்கும் குட்டி ராஜம் சேமியாதான்.

அந்த மஞ்சள் பாக்கெட்டை எங்கள் ஊரில் பார்க்காதவர் இல்லை. இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், கையில் ஒரு தட்டு, முன்பல் விழுந்த சிரிப்பு. யாரோ ஓவியர் வரைந்த குழந்தை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது சாட்சாத் ராஜம். இப்போது நாற்பத்தெட்டு வயது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் கணவர் தசரதனின் நூல், பட்டன், லைனிங் துணிக் கடையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஜிப் அளந்துகொண்டிருப்பார்.

ராஜத்தின் அப்பா பஜாருக்குப் பின்னால் சேமியா மில் தொடங்கியபோது எல்லோரும் சரஸ்வதி படம் போடு, முருகன் படம் போடு என்றார்கள். சேமியாவைக் கொட்டிக்கொண்டு பாக்கெட்டைக் குப்பையில் வீசுவார்களே, சாமியைக் குப்பையில் போட்ட பாவம் நமக்கு எதற்கு என்று அவர் பயந்தார். பெற்ற மகள் குப்பையில் விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் படம் எடுத்து அச்சடித்துவிட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது ராஜத்தின் உத்தியோகம். மில் யாருடையது, முதலாளி யார் என்றெல்லாம் ஜனங்கள் பார்க்கவில்லை. பாக்கெட்டில் யார் முகம் இருக்கிறதோ அவளே பொறுப்பு. பூச்சி இருந்தால் பாக்கெட்டோடு ராஜத்தின் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனால் அங்கேயும் வந்தார்கள். அதேபோல பாயசம் நன்றாக வந்துவிட்டால் முதல் டம்ளர் ராஜத்துக்குத்தான். ரம்ஜானுக்கு ஷீர் குர்மா, கிறிஸ்துமஸுக்கு முந்திரி மிதக்கிற பாயசம், ஆடி வெள்ளிக்கு வெல்லம் போட்டது என்று எல்லா மதத்துச் சேமியாவும் அவர் வாசலுக்கு வந்து சேரும். திட்டும் பாயசமும் கலந்து வந்த அந்த வாழ்க்கை ராஜத்துக்குப் பிடித்தே இருந்தது. தெருவில் நடந்தால் சின்னக் குழந்தைகள் கூட அடையாளம் தெரிந்து சிரிக்கிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அப்பா போன பிறகு மில் அண்ணன் வேணுகோபாலிடம் வந்தது. தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். தினமும் காலையில் ஒரு போன், பொங்கல் தவறாமல் சீர். அவருடைய மகன் ஹேமந்த் பெங்களூரில் படித்துவிட்டு வந்து, சேமியாவைக் கழியில் தொங்கவிட்டு நிதானமாகக் காயவைக்கிற பழக்கத்தை நிறுத்தினான். சூடான காற்றை ஊதி மளமளவென்று காயவைக்கிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டான். அங்கேதான் வந்தது வினை. சேமியா வெளியே மொறுமொறுவென்று காய்ந்தது, உள்ளே ஈரம் நின்றது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொதிக்கிற பாலில் போட்டால்தான் அதன் லட்சணம் தெரியும்.

அது கார்த்திகை மாதம். கடையில் ராஜம் ஒரு பெண்ணுக்கு பட்டன் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலேயே இருக்கிற மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து, வாடிக்கையாகச் சேமியா வாங்குகிற தாயம்மா ஒரு சொம்போடு வந்து இறங்கினார். சொம்பை மேஜை மேல் ணங்கென்று வைத்தார்.

"இன்னா ராஜம்மா இது? பாயசமா, போஸ்டர் ஒட்ற பசையா? நீயே சொல்லு."

"இன்னாக்கா ஆச்சு?"

"எம் பொண்ணு பவ்யாவுக்கு வளைகாப்பு. கோலார் டவுன்லேர்ந்து சம்பந்தி வூட்டு ஜனமே வந்துகீது. அண்டா நிறைய கிண்டி வெச்சா மொத்தமும் கஞ்சியா கரைஞ்சி போச்சு. சம்பந்தியம்மா கரண்டியால தூக்கிப் பாத்து சிரிக்கறாங்க. உம் மூஞ்சிய நம்பித்தானே வாங்கினேன்? வேற எத பாத்து வாங்கினேன்?"

தாயம்மா கத்தியதோடு நிறுத்தியிருந்தால் ராஜம் தாங்கியிருப்பார். கடைசி வார்த்தையில் அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டன் வாங்க வந்த பெண் ராஜத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

சொம்பை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போனார். வேணுகோபால் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"புது மெஷினு. கொஞ்சம் அப்டி இப்டித்தான் ஆவும். இந்த சரக்கு வித்து முடிஞ்சா அடுத்தது சரியாய்டும், வுடு."

"விக்காதண்ணா. கடையில கீறத எல்லாம் திருப்பி எடுத்துக்க."

"வெளையாடறியா? எவ்ளோ சரக்குன்னு தெரியுமா? மில்லு என்னுது, லைசென்ஸு என்னுது. உனக்கு இன்னாத்துக்கு இந்தத் தலவலி?"

"வாங்கறவங்க உன் லைசென்ஸையாண்ணா பாக்கறாங்க? என்னத்தான் பாக்கறாங்க."

வேணுகோபால் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு வேறு ஏதோ கேட்டார். அதற்கு மேல் அங்கே நிற்க ராஜத்துக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் போனது சர்ச் பக்கத்தில் இருக்கிற ஐடாவின் மளிகைக் கடைக்கு. உள்ளே நுழைந்து, அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தை ஒவ்வொரு பாக்கெட்டாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். முகம் உள்ளே போனது. செய்முறை அச்சடித்த முதுகுப்பக்கம் வெளியே தெரிந்தது.

"இன்னா ராஜம் பண்ற?" என்றார் ஐடா.

"இத விக்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, ஐடாம்மா. ஆனா என்னப் பாத்து யாரும் வாங்கக்கூடாது. நல்ல சரக்கு வரட்டும், அன்னிக்கு நானே வந்து திருப்பி வெக்கறேன்."

அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று பஜார் முழுக்க இதே வேலை. ஒரு கடைக்காரரும் தடுக்கவில்லை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரி வந்து திருப்பும்போது யார் என்ன சொல்ல முடியும்? இரண்டே நாளில் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதுகு காட்டி நிற்கிற பாக்கெட்டை ஒருவரும் தொடவில்லை. சேமியா இருக்கா என்று கேட்டு வந்தவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு ரவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஹேமந்த் கடைக்கே வந்து குதித்தான். "அத்தே, இது பிராண்ட் டேமேஜ். புரியுதா உங்களுக்கு?"

"டேமேஜ் ஆனது எம் மூஞ்சிடா, ஹேமா."

அவன் வந்த வழியே மில்லுக்குத் திரும்பினான். மறுநாள் மில் டெம்போ வந்து கடை கடையாகச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஊரில் ராஜத்துக்கு ஏகப்பட்ட நல்ல பேர். தாயம்மாவே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அண்ணனிடமிருந்து காலை போன் நின்றுபோனது.

ஜெயித்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடும்போதும் காது போன் பக்கமே இருந்தது. ராஜத்துக்குப் பயமாக இருந்தது. தான் செய்தது தப்பில்லை என்று தெரியும். தப்பில்லாத காரியத்துக்கும் பிறந்த வீடு போய்விடுமா என்பதுதான் பயம்.

"பொங்கலுக்கு சீர் வரலைன்னா நான் வேணா கரும்பு வாங்கிட்டு வந்து அண்ணன் குடுத்தாருன்னு சொல்றேன்," என்றார் தசரதன். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ராஜம் அழுதுவிட்டார். அன்றோடு தசரதன் அந்தப் பேச்சை விட்டார்.

பொங்கலன்று பானை பொங்கி இறங்கியது. படையல் முடிந்தது. அண்ணன் வரவில்லை. ராஜம் பட்டுப்புடவையை மாற்றப் போகிற நேரத்தில் வாசலில் கார் நின்றது. கரும்பு, மஞ்சள் கொத்து, புடவைத் தட்டு எல்லாம் ஹேமந்த் தலையில். பின்னால் வேணுகோபால்.

"லேட்டாய்டுச்சும்மா. அச்சு வேல இன்னிக்குத்தான் முடிஞ்சிது," என்று பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "ஹேமந்த்து மெஷின மெதுவா வெச்சி ஓட்டறான். நாலு தடவ கொதிக்க வெச்சிப் பாத்துட்டேன், கரையல. நீ பாரு."

ராஜம் பார்த்தது சேமியாவை அல்ல. அதே மஞ்சள், அதே எழுத்து, குட்டி ராஜம் சேமியா. ஆனால் இரட்டைப் பின்னல் இல்லை. அந்த இடத்தில் வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக வேணுகோபால் கையில் தட்டோடு முறைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொன்னதற்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"இன்னாண்ணா இது! என்னத் தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன். ஐடாம்மா எல்லாம் சொன்னாங்க. பூச்சி, தூசின்னு யார் வந்தாலும் நீயே உன் வூட்டு பாக்கெட்ட எடுத்துக் குடுத்து அனுப்புவியாமே. இத்தன வருஷம் எனக்கு வர வேண்டிய திட்டெல்லாம் நீ வாங்கினுகீற. ஒரு தடவ கூட என்னாண்ட வந்து சொல்லலியே, ராஜி." பாக்கெட்டில் இருந்த தன் மீசையைத் தட்டிக் காட்டினார். "இனிமே என்னக் கேக்கட்டும்."

ராஜம் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்தச் சின்னப் பெண் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு அந்தப் பாக்கெட்டைப் பிரித்து அப்போதே பாயசம் வைத்தார். சேமியா முழுசாக, நீள நீளமாக நின்றது. ஒரு சொம்பில் ஊற்றி, பிரித்த பாக்கெட்டோடு அண்ணன் கையில் கொடுத்தார்.

"வா, மைசூர் மைன்ஸ் போலாம்."

தாயம்மா வீட்டில் பவ்யா நிறைவயிறோடு உட்கார்ந்திருந்தாள். தாயம்மா பாக்கெட்டைப் பார்த்தார், எதிரில் நிற்கிற மீசையைப் பார்த்தார்.

"அப்போ இனிமே எதா இருந்தாலும் உன்னத்தான் கேக்கணுமா?"

"என்னத்தான் கேக்கணும்," என்றார் வேணுகோபால் நெஞ்சை நிமிர்த்தி.

தாயம்மா ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். மகளுக்கும் கொடுத்தார். மெதுவாகச் சப்புக்கொட்டினார்.

"சேமியா நல்லா கீது. சக்கர கம்மி."

வேணுகோபால் திடுக்கிட்டுத் தங்கையைப் பார்த்தார். சர்க்கரை போட்டது ராஜம். ராஜம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வேணுகோபால் சொன்னார்: "அடுத்த தடவ சரி பண்ணிடறேம்மா."