என் வரிமேல் விழுந்த டிக்

என் மகள் எட்டாம் வகுப்பில் இரண்டு முறை இங்கிலீஷில் தவறிவிட்டாள். மறுபடியும் தவறினால் படிப்பு நின்றுவிடும். அவள் நோட்டில் பக்கந்தோறும் வாத்தியாரின் சிவப்பு மசி டிக் மட்டுமே இருந்தது. நான் திருத்தலாமென்றால், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எனக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும்.

ஒருநாள் அவள் எழுதியதன் நடுவே நானே தமிழில் எழுதி அனுப்பினேன்: "ஐயா, இவள் தவறுகளைச் சொல்லுங்கள்." அதன்மேலும் டிக் விழுந்து வந்தது.

நோட்டோடு ராயபுரத்துப் பள்ளிக்கு ஓடினேன்.

"எங்க தப்புன்னு சொன்னாதானே சாமி, கொயந்த திருத்திக்கும்?"

"இன்னும் நல்லாப் படிக்கச் சொல்லுப்பா," என்றார் வாத்தியார்.

"இன்னாத்தப் படிக்கும்?" என்று கத்தினேன். அவர் அடுத்த நோட்டைப் பிரித்தார்.

அந்த வருஷமும் தவறினாள். அடுத்த வாரமே தன் அம்மாவோடு கிடங்கில் சாக்குத் தைக்கப் போனாள்.