கட்டை யார் மாற்றுவது?

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர் போட்டேன். ஆறு மணிக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் (காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது) ஆள்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்து அனுப்பினேன். இருபத்திரண்டு வருடமாக என் கிராணி (தோட்டக் கணக்கர்) வேலை இதுதான். எட்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

என் மனைவி சரசுவுக்கு மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுதும் அகற்றும் அறுவை) முடிந்து ஒன்பது நாள். ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள். ட்ரெயின் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய்) இன்னும் உடம்பில் இருந்தது. அன்றுதான் கிளினிக் மிஸி (தாதி) முதன்முறையாக வீட்டுக்கு வந்தார்.

நான் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். குளியல், மாத்திரை, கைப்பயிற்சி, குழாய் நீரின் அளவு. தினமும் கட்டு மாற்ற நானே கற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தேன். காயத்தின் நீளம் பதினேழு சென்டிமீட்டர் என்று அளந்தும் குறித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சரசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

வலி எப்படி இருக்கிறது என்று மிஸி கேட்டார். நான் பதில் சொன்னேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கும் நானே சொன்னேன். அவர் அட்டவணையைப் படித்து மடித்துவிட்டு, சரசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அக்கா, இதுல உங்களுக்கு எது வேணும், எது வேணாம்?”

“வீட்டுலயும் பெரட்டுப் போடுறாரு மிஸி. நானும் பேரு கூப்பிட்டா வந்து நிக்கிறேன்” என்று சரசு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“கட்டு நீங்களே மாத்துங்க. இவரு வேணாம். நான் இன்னும் என் நெஞ்சப் பாக்கல. இவரு அளந்து எழுதிட்டாரு.”

எனக்குக் காது சுட்டது. அதுவரை அதை உதவி என்றே நினைத்திருந்தேன். என்னைப்போல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

எப்போது பார்க்க விருப்பம் என்று மிஸி கேட்டார். இப்போதே என்றாள் சரசு. நான் வெளியே போனேன். மலைப்பாதையில் காய்கறி லோரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை நான் குறிக்கவில்லை.

மிஸி கூப்பிட்டு உள்ளே போனபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

“பாத்துட்டேன். நெனச்ச அளவுக்குப் பயமா இல்லலா.” கையைத் தலைக்குக் கொண்டுபோகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கையத் தூக்க முடியல. நீங்க தலை பின்னி விடுங்க. கீமோ ஆரம்பிச்சா முடி போயிடும். அது வரைக்கும்.”

எனக்குப் பின்னத் தெரியாது என்றேன். அவள் சொல்லித் தருவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வகிடு எங்கே எடுக்கட்டும் என்று கேட்டேன்.