சாயக்காரர் மேல் போட்ட பழி

என் மீன்கள் செத்ததற்குப் பக்கத்து வீட்டுச் சாயக்காரர் மீது வீண்பழி போட்டவன் நான்.

செவிலிமேட்டு வீட்டின் பின்புறம் மகன் கட்டிய நீச்சல்குளம், அவன் வெளிநாடு போனபின் பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, அல்லி வைத்து, வண்ண மீன்கள் விட்டேன். மறுநாளே எல்லாம் செத்து மிதந்தன. பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் அவருடைய கழிவுநீர்தான் ஊறி வந்தது என்று தெருவில் நின்று கத்தினேன். நூல் கொடுப்பவர்கள் வம்புக்குப் பயந்து அவருக்கு வேலை தருவதை நிறுத்தினார்கள்.

அவர் அடுப்பு அணைந்தபின் குளத்தை மறுபடி கழுவி நான் விட்ட புது மீன்களும் செத்தன. "எதுல சார் கழுவினீங்க?" என்றார் மீன் கடைக்காரர். இரண்டு முறையும் பிளீச்சிங் பவுடரில்தான் கழுவியிருந்தேன்; மீன்களைக் கொன்றது அதுதான்.

சாயக்காரர் வீட்டுக்குள் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்குத் தெருவுல நின்னுக்கினு கத்துனீங்க, இப்போ உள்ள வந்து குசுகுசுன்னு சொல்றீங்களே சார்" என்றார் அவர் மனைவி.

வெளியே வந்து அதே தெருவில் உரக்கச் சொன்னேன். நூல் கொடுப்பவர்களிடமும் போய்ச் சொன்னேன். இருவர் மட்டும் அவரிடம் திரும்பினார்கள்.

குளத்தை வெறும் தண்ணீரில் கழுவி விட்ட மீன்கள் இப்போது பிழைத்திருக்கின்றன. பார்க்க வரும்படி சாயக்காரரை அழைத்தேன்.

"வேலை இருக்குது சார்" என்று உள்ளே போய்விட்டார்.