பங்குபோட்ட புத்தகம்

பங்குபோட்டுச் சுமந்தால் எல்லாம் ஒருசேரப் போகாது என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. சண்டையால் ஊரைவிட்டு எழும்ப நேரும்போதெல்லாம் ஐயா காணி உறுதிகளைத் தம் பையிலும், சங்கிலியை அம்மாவின் மடியிலும், காப்புகளை என் புத்தகப் பையின் அடியிலும் வைப்பார். "ஒண்டு போனாலும் ஒண்டு மிஞ்சும்" என்பார். வலிகாமத்துக் கமக்காரர் வேறெப்படி யோசிப்பார்கள்? விதை வெங்காயத்தைக்கூட அவர்கள் ஒரே இடத்தில் கட்டித் தூக்குவதில்லை.

அந்த நம்பிக்கை கடந்த கிழமை நினைவுக்கு வந்தது. நான் ஆய்வு முறையியல் கற்பிக்கும் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டின் வரைவோடு என் அறைக்கு வந்தாள். நேர்காணல் முடிந்ததும், தேநீர் அருந்தி முடிக்கும்வரை அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வேன்; அதைச் சொல்லும் நூலின் பெயரையும் சொல்வேன். அவளுக்குப் பக்க எண் வேண்டுமாம். "மிஸ், அந்தப் புத்தகம் முழுக்க போனிலை இருக்கு. தேடிப் பாத்தன். தேத்தண்ணியைக் காணேல்லை" என்றாள். அதை எனக்கும் அனுப்பிவிட்டுப் போனாள்.

போனில் வந்த புத்தகத்துக்கு மணம் கிடையாது. எங்களுடையது மண்ணெண்ணெய் மணந்தது. போர்க்காலத் தடையால் மின்சாரமும் கடதாசியும் இல்லாத காலம் அது; விளக்கு வெளிச்சத்தில்தான் படிப்பு. விரிவுரைக் குறிப்புகளைப் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினோம். போட்டோக்கொப்பி என்பது கொழும்புக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் அதிசயங்களில் ஒன்று. நூலகத்திலிருந்த ஒரேயொரு பிரதியை அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும், அதற்கும் வரிசை. அப்போதுதான் பவானியின் அண்ணை கொழும்பிலிருந்து ஒரு பிரதியை, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினார். பவானி யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்காரி. நூலகத்துக்குள்ளும் குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். அவளும் தேவகியும் நானும் ஒரே ஆண்டில் சமூகவியல் படித்தோம்.

மூவருக்கு ஒரு புத்தகம், ஆண்டிறுதிச் சோதனையோ நெருங்குகிறது. பவானி ஒரு சவர பிளேட்டை எடுத்தாள். "என்ரை புத்தகம், நான் வெட்டுறன். நீங்கள் ஏனடி முகத்தைச் சுழிக்கிறியள்?" என்றபடி தையலைப் பிரித்து மூன்றாக்கினாள். கோதுமை மாப் பையின் தாளில் அட்டை போட்டு, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்துக்கொண்டோம். மாதிரியெடுப்பு பற்றிய அத்தியாயம் தேவகிக்கு, வினாக்கொத்து எனக்கு, நேர்காணல் பவானிக்கு. புத்தகம் ஆங்கிலத்தில், சோதனை தமிழில் என்பதால் ஒவ்வொருத்தியும் தன் பங்கைத் தமிழாக்கி மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளைகள் அப்படியே போயின. என்னைக் கண்டால் தேவகி, "வினாக்கொத்து வருது, வாயைத் திறக்காதேங்கோ" என்பாள். அந்தப் பெயர் பட்டமளிப்பு வரை என்னை விட்டகலவில்லை. பங்குபோட்ட செய்தியைக் கேட்டு ஐயாவுக்குப் பெருமை. ஒரு காப்புப் போனால் மிஞ்சியது காப்பாகவே இருக்கும், புத்தகம் அப்படியல்ல என்று அவரும் யோசிக்கவில்லை, படித்த நாங்களும் யோசிக்கவில்லை.

அத்தகையதொரு மதியத்தில்தான் பவானி சொன்னாள்: "கேள்வி முடிஞ்ச உடனை எழும்பக்கூடாது. தேத்தண்ணி தருவினம். குடிச்சு முடியுமட்டும் இருக்கவேணும். அதுக்குப் பிறகுதான் சனம் கதைக்கும்."

"வெள்ளைக்காரன் பிளேன் ரீயைப் பற்றியும் எழுதியிருக்கிறானோ?" என்று தேவகி கேட்டாள்.

"ஓம். பனங்கட்டியோடை" என்றாள் பவானி, முகத்தைச் சிறிதும் மாற்றாமல்.

பனங்கட்டியை மட்டும் விட்டுவிட்டு மிகுதியை நான் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன்.

பெரிய இடப்பெயர்வு வந்தது. யாழ்ப்பாணமே ஒரு தெருவால் எழும்பி நடந்தபோது, அவரவர் பங்கு அவரவர் பையில் இருந்தது. தேவகியின் பங்கு தென்மராட்சியில், கூரையற்ற ஒரு பள்ளிக்கூடத்து மழையில் ஊறிக் கூழாயிற்று. பவானி மாமன் குடும்பத்தோடு வன்னிக்குப் போக ஆயத்தமானாள். "சோதனைக்கு முதல் வந்திடுவன். என்ரை பங்கு பத்திரமாய் இருக்கும், நீங்கள் உங்கடையைப் பாருங்கோ" என்று சொல்லிப் போனாள். சோதனை நடந்தபோது அவள் வரவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று சில ஆண்டுகள் செய்தி வந்தது. கடைசிச் சண்டைக்குப் பிறகு அவளைக் கண்டவர் எவருமில்லை.

கொழும்புத்துறையில் அவளுடைய அம்மாவைப் பார்க்க அவ்வப்போது போவேன். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாரை ஆராய வருவோருக்கு அந்த வீடு நன்கு தெரிந்த வீடு. அவர் சொன்ன விடைகள், அவரால் வாசிக்க முடியாத மொழிகளில் எத்தனையோ பேருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. அந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் முடிவுரை உண்டு. பவானியைத்தான் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் அவர் சொன்னார்: "உங்கடை கம்பஸ் பிள்ளையள் வந்தவை. நல்ல மரியாதை. நான் அழுதா நிப்பாட்டுவினமாம். நான் அழேல்லை. தேத்தண்ணி வைக்க எழும்பினன், இன்னும் போகவேண்டிய வீடுகள் இருக்கெண்டு எழும்பிப் போட்டினம்." பிறகு என்னைப் பார்த்து, "நீ குடிச்சிட்டுத்தானே போவாய், பிள்ளை?" என்றார். வந்தவர்கள் என் வகுப்பில் இருந்தவர்கள்தாமா என்று நான் கேட்கவில்லை.

இத்தனை நாளும் என் பழைய குறிப்பையே நம்பியிருந்த நான், மாணவி அனுப்பிய நூலில், பவானியின் பங்கை அன்று முதன்முதலாக வாசித்தேன். எப்படித் தொடங்குவது, மௌனத்தை எவ்வளவு பொறுப்பது, அழுதால் எப்போது நிறுத்துவது, எப்படி நன்றி கூறி விடைபெறுவது என எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தேநீர் இல்லை. மீண்டும் தேடினேன். அது பவானி தானாகச் சேர்த்தது. இத்தனை ஆண்டுகளாக அவளுடைய வாக்கியத்தை ஒரு வெள்ளைக்காரரின் பெயரில் நான் படிப்பித்து வந்திருக்கிறேன்.

மறுநாள் மாணவியிடம், நூலின் பெயரை வெட்டிவிட்டுப் பவானியின் பெயரைப் போடும்படி சொன்னேன். நேரில் சொன்னது என்று குறிப்பிடவும் சொன்னேன். அவள் கவனமாக எழுதிக்கொண்டாள்.

"அவவிட்டையும் ஒருக்கா கேட்டு உறுதிப்படுத்தவேணும், மிஸ். இப்ப எங்கை இருக்கிறா?"

தேவகி கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறாள். வினாக்கொத்து அத்தியாயத்தோடு நான் இங்கே இருக்கிறேன். கொழும்புத்துறையில் பவானியின் அம்மா இருக்கிறார்.