அட்டையில் நான் எழுதிய ஆண்டு

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மேட்டு வீட்டை, கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நூதனசாலை ஆக்கியிருந்தார். பாரசீக ஏடு, ஜப்பானியப் படங்கள், இத்தாலியிலிருந்து வந்த, பிள்ளை ஏந்திய மாதா படம், எங்கள் பக்கத்து ஓலைச்சுவடிகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. ஞாயிறு பின்னேரம் யாரும் போய்ப் பார்க்கலாம். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த எனக்கு ஓலை வாசிக்கத் தெரியும். சுவடிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

1964 மார்கழிப் புயலில் சல்லி என்ற கரையூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் புருசனும் தோணியும் போய்விட்டன. வீட்டுக் கூரையும் இல்லை. மிஞ்சியவை ஒரு பிள்ளையும், கரையில் ஒரு துண்டில் கரைவலை இழுக்கும் உரிமையான 'பாடும்', அதற்குச் சாட்சியான ஓர் ஓலையும். புருசனின் பாட்டனும் அவருடைய தம்பியும் எழுதிக்கொண்டது: அந்தப் பாடு அண்ணன் வழிக்கே. ஓலை நனையாமல் இருக்கட்டும் என்று நான்தான் அதை வாங்கி நூதனசாலையில் கொடுத்தேன்.

ஓலையின் முடிவில் 'விரோதி வருடம் ஆவணி மாதம்' என்று இருந்தது. எங்கள் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி 1889 ஆகலாம், ஒரு சுற்று முந்தி 1829 உம் ஆகலாம். பாரசீக ஏட்டுக்குப் பக்கத்தில் 1889 நேற்று எழுதியதுபோலத் தெரிந்தது. எழுத்தின் சுழி பழையது என்று எனக்கு நானே காரணம் சொல்லி, 1829 என்று எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து, அந்தத் தம்பியின் பேரன் பாடு தன்னுடையது என்று அரசாங்கக் கச்சேரியில் முறையிட்டார். ஓலையை வெளியே தர நூதனசாலை வீட்டுக்காரர் மறுத்தார். அதனால் விசாரணை அதிகாரி எங்கள் எல்லாரையும் நூதனசாலைக்கே வரச் சொன்னார். அக்கா மாதாவின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றார்.

"இந்த மனிசிக்கும் பிள்ளை ஒண்டுதான் மிச்சம் போல, தம்பி" என்றார்.

அதிகாரிக்கு ஓலை எழுத்துத் தெரியாது. குனிந்து அட்டையை வாசித்தார். பேரன் உடனே சிரித்தார்.

"ஐயா, என்ர பாட்டனை நான் கண்ணால கண்டவன். அவர் நூற்றிமுப்பத்தேழு வருசத்துக்கு முந்தியே கைநாட்டு வைச்சாராமோ? வேற ஆரோ ஆக்களின்ர பாட்டன்மார் எழுதின ஓலை இது."

"பிழை என்னில்தான்" என்றேன். "அது 1889. சுற்றை மாற்றிக் கணக்குப் பார்த்துவிட்டேன்."

"கிளாக்கர் ஐயா வருசத்தையும் கரைவலை மாதிரி இழுக்கிறார், தனக்கு வேணுமெண்ட பக்கத்துக்கு!" என்றார் பேரன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை வாசிக்கத் தெரிஞ்சவர் நீங்கள் ஒராள்தான். அண்டைக்கு ஒண்டு எழுதினீங்கள், இண்டைக்கு வேறொண்டு சொல்லுறீங்கள். நான் எதை எழுதிறது?"

அட்டையில் இருந்ததையே அவர் எழுதிக்கொண்டார்.

மேட்டால் இறங்கும்போது அக்கா என்னை ஏசவில்லை.

"ஓலையில கைநாட்டு வைச்ச தம்பிக்காரன்தான் என்ர மாமாவைத் தூக்கி வளர்த்தவர். என்ர மனுசன் சின்னப் பெடியனாயிருக்கேக்கைதான் அவர் செத்தவர். என்னட்டை ஒருக்காக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

ஓம், ஒரு கேள்வி போதும். அறுபது வருடக் கணக்குக்கு எத்தனையோ பஞ்சாங்கம் புரட்டிய நான், ஓலைக்குச் சொந்தக்காரியிடம் அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

பாடு பேரனுக்குப் போனது. அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில், தன் புருசன் வலை இழுத்த அதே கரையில், பேரனின் மீனை வெட்டி உப்புப் போட அக்கா கூலிக்கு நின்றார். என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தாமல் வெட்டினார்.

நான் 1889 என்று புது அட்டை எழுதி நூதனசாலையில் வைத்தேன். அடுத்த மாதம் போனபோது பழைய அட்டையே திரும்ப இருந்தது.

"பழசெண்டால்தானே சனம் நிண்டு பார்க்குது" என்றார் வீட்டுக்காரர்.

அட்டையில் இருந்தது என்னுடைய கையெழுத்துத்தான்.