கோழி டாக்டரின் டிராப்பர்

அவர் டாக்டர் ஆனது ஒரு நூலால்.

அதுவரை அவர் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகள் உடைத்துப் போடும் கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதுதான் பிழைப்பு. வாத்தியார்கள் "யோவ்" என்பார்கள், தலைமையாசிரியர் "இந்தாப்பா" என்பார், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் "அமிலம்" என்பார்கள். மனைவி எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரே வந்து நின்றால் ஏதோ வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்பேர்ப்பட்ட மனிதரை, மூன்று வீடு தள்ளி இருக்கும் தையற்காரி ஒருநாள் சாயங்காலம் வழிமறித்துத் தன் கோழி நொண்டுகிறது என்றாள். அவர் கோழியை மடியில் போட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் விரலாகப் பார்த்தார். விரலிடுக்கில் சிவப்பு நூல் ஐந்தாறு சுற்று இறுகிக் கிடந்தது. அவளுடைய கத்தரிக்கோலாலேயே வெட்டி எடுத்தார். கோழி இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போனது.

"டாக்டரெல்லாம் தோத்தாங்க போங்க," என்றாள் அவள்.

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தவர் அட்டெண்டர் இல்லை.

அந்தத் தெருவில் எட்டு வீட்டுக் கொல்லைகளில் கோழி இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் எட்டு வீட்டையும் சுற்றிவர ஆரம்பித்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பென்சில் டப்பா. அதற்குள் கத்தரிக்கோல், பஞ்சு, பூண்டை நசுக்கித் தேனில் கலந்த ஒரு புட்டி, ஆய்வகத்தைக் கேட்காமலே ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடி டிராப்பர். எந்த நோய்க்கும் அந்தப் பூண்டுச்சாறுதான். இறகு உதிர்க்கிற பருவத்தில் இருந்த ஒரு கோழியைப் பார்த்துவிட்டு, "மனசைத் தேத்திக்குங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். அது மூன்று வாரத்தில் புது இறகோடு மினுமினுக்க, பெயர் பூண்டுச்சாற்றுக்குப் போனது. அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு மனக்கவலை என்று கண்டுபிடித்து ஐந்து நாள் சாறு ஊற்றினார். அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் புறங்கையைக் கொத்தியது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோய்ப்பட்ட கோழியை அவர் கண் சட்டென்று பிடித்துவிடும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து நிற்பதை வேலிக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுவார். என்ன நோய் என்பதில்தான் கோட்டை விடுவார்.

ஆனாலும் போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி போட்டார்கள். "உட்காருங்க டாக்டர்" என்றார்கள். டீ வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் பகலெல்லாம் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார் என்றால் மிகையில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, முனை வீட்டு எலக்ட்ரீஷியன் சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கி வந்தார். இரண்டும் தும்மின, மூக்கு ஒழுகின. டாக்டர் டிராப்பரை மூக்குத் துளையில் வைத்தே சாறு விட்டார். நுனியைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பத்து நாளில் நாலு கொல்லைகளில் கோழிகளுக்கு முகம் வீங்கிவிட்டது. தையற்காரியின் இரண்டு கோழிகள் செத்தன. டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலும் மாலையிலும் அலைந்தார். "காத்துல பரவுது" என்று அறிவித்தார். நாலைந்து நாளாக, "சரியாயிடுச்சு டாக்டர், நீங்க சிரமப்பட வேணாம்" என்று வாசலிலேயே நல்ல சேதி கிடைத்தது. "மருந்து வேலை செய்யுது" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டு மொட்டைக்கழுத்திக் கோழியே முகம் வீங்கி நின்றது. மனைவி புருஷனிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவாள். ஒரு கண் மூடிவிட்டது, மூக்கிலிருந்து அழுகல் நாற்றம் அடித்தது. அவர் டிராப்பரோடு வந்தார். மனைவி அவரையும் பார்த்தாள், டிராப்பரையும் பார்த்தாள், கோழியைக் கடைப்பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கோழியின் முகத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"புதுசா கோழி ஏதாவது வாங்கினீங்களா?"

"இல்லைங்க," என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுக் கோழி உள்ள வருமா?"

"சுத்தியும் சுவருங்க."

"அப்ப வேற எங்கயோ சீக்குக் கோழியைத் தொட்டவங்க இதையும் தொட்டிருக்காங்க. யாரு?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். இவரோ அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "தெரு முழுக்க நான்தாங்க பார்க்கிறேன்," என்று டிராப்பரை எடுத்துக் காட்டினார்.

"எல்லாக் கோழிக்கும் இது ஒண்ணுதானா?"

"நல்ல கண்ணாடிங்க."

"நடுவுல கழுவுவீங்களா?"

"துண்டுல துடைச்சிருவேன்."

"எந்தத் துண்டு?"

அது அவர் தோளிலேயே கிடந்தது.

ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொரு பாட்டிலில் விட்ட பிள்ளைகளின் தலையில் இருபத்தாறு வருடமாகக் குட்டி வந்தவர் அவர். "ரெண்டுமே கெட்டுப் போச்சுடா" என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். பாட்டிலுக்குத் தரும் அந்த மரியாதை கோழிக்கும் உண்டு என்று அந்த மண்டைக்கு இதுவரை எட்டவில்லை.

"இது பிழைச்சுக்கும்," என்றாள் டாக்டரம்மா. "தனியா வையுங்க, தண்ணியும் தனியா வையுங்க. மருந்தை அஞ்சு நாள் அந்தத் தண்ணியில கலந்து குடுங்க. பிழைச்ச கோழிக்குள்ளயும் கிருமி தங்கியிருக்கும், அதனால புதுக் கோழியோட சேர்க்காதீங்க. அப்புறம், நீங்க போன வீட்டுக்கெல்லாம் இன்னைக்கே சொல்லிடுங்க. தாமதமாச்சுன்னா இன்னும் சாகும்."

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள். "என்னன்னு சொல்லப் போறீங்க?"

"ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு, வாங்கிக்குங்கன்னு."

"அவ்வளவுதானா?"

மூன்று வீடுகளில் அவ்வளவுதான் சொன்னார். எலக்ட்ரீஷியன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றார். இவர் உட்காராமலே வந்துவிட்டார்.

நாலாவது தையற்காரி வீடு. இரண்டு கோழியைப் புதைத்த வீட்டில் பாதி உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெளிக்கதவைத் திறக்காமல், தெருவிலேயே நின்று சொன்னார்.

"உன் கோழி ரெண்டும் தானா சாகலம்மா. நான்தான் கொன்னேன். எலக்ட்ரீஷியன் வீட்டுச் சீக்கை என் டிராப்பர்லயும் துண்டுலயும் கொண்டுவந்து விட்டேன்."

தையல் மெஷின் நின்றது.

"தெரியும் டாக்டர்."

"தெரியுமா?"

"நீங்க வந்துட்டுப் போன ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் எல்லா வீட்டுலயும் முகம் வீங்குச்சு. பேசிப் பார்த்துக்கிட்டோம். அஞ்சு நாளா நீங்க வீட்டை விட்டு இறங்கும்போதே கோழியைக் குளியலறையில போட்டுப் பூட்டிடுறோம். 'சரியாயிடுச்சு'ன்னு சொல்லி அனுப்பிடுறோம்."

அவருக்குக் காது மடல் சுட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? டாக்டர்னு கூப்பிட்டதும் உங்க முகம் எப்படி ஆகுதுன்னு நீங்க பார்த்ததில்லையே."

இத்தனை நாளும் தெருவே சேர்ந்து தனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, மூக்கைத் துடைக்கத் துண்டைத் தேடினார். அது ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்டது. அவர் காது நிமிர்ந்தது.

"குளியலறையில எத்தனை இருக்கு?"

"மூணும்தான்."

"தும்மினதைத் தனியா எடு. தண்ணியை மாத்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. காலையில மூணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"உள்ள வந்து ஒரு பார்வை பாருங்களேன் டாக்டர்."

"வேணாம்மா." அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இனிமே அப்படியும் கூப்பிடாதே."

"சரிங்கண்ணா," என்றாள்.

கொஞ்சமாவது தயங்குவாள் என்று எதிர்பார்த்தார். தயங்கவில்லை. வலிக்கத்தான் செய்தது. விட்டுப்போன பாதியைச் சொல்ல, எலக்ட்ரீஷியன் வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார்.