வராத தீக்கு ஒரு மாத்திரை

எல்லோருக்கும் அவர் அலாரக்காரர். பெரிய கட்டடங்களில் புகை வந்தால் அலறும் கருவிகளை ஏணி போட்டுச் சோதிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தவருக்கு ஒரே வேதம்தான்: எதையும் கெடுவதற்கு முன்பே கவனித்துவிட வேண்டும். அந்த வேதத்தைத் தன் தலைக்கும் ஓதினார் பாருங்கள், வினை அங்கே ஆரம்பித்தது.

வலது கண்ணுக்குப் பின்னால் மாதம் இரண்டு முறை வலி வந்துபோகும். வந்தபின் மாத்திரை போடுவது அவருக்கு ஒப்பவில்லை. தீப்பிடித்த பிறகா வாளியைத் தேடுவது? பல் விளக்கியதும் தினமும் ஒன்று போட்டுக்கொண்டார். கேட்டால், “மெயின்டனன்ஸ்” என்பார். மூன்று வருஷத்தில் விருந்தாளியாக வந்த வலி வீட்டோடு தங்கிவிட்டது.

மற்ற நோய்களுக்கு டாக்டர் வேண்டும். தலைவலிக்கு மட்டும் ஊரே டாக்டர். கண்ணாடியை மாற்று என்றார் ஒருவர். செல்போனை விடு என்றார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, இன்னொருவர். மச்சினர் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. “உள்ள ஏதாவது இருந்தாத்தானே வலிக்கும் மாமா?” என்று சிரித்ததோடு சரி.

மனைவி சிரிக்கவில்லை. அவள் அம்மா இறந்து உடலை எடுத்த அன்று இவர் ஜன்னலை மூடிக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடந்தார். சொந்தக்காரர்கள் கேட்டபோது, “அவருக்குத் தலைவலி” என்றாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவள் பட்ட வெட்கம் இரண்டு வருஷமாக வீட்டில் தனியாக நடமாடிக்கொண்டிருந்தது.

நரம்பு டாக்டரிடம் இருவரும் போனார்கள். அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்டது, மாதத்துக்கு எத்தனை மாத்திரை என்பதைத்தான்.

“முப்பது,” என்றார் பெருமையாக. “ஒருநாள்கூட தவறினதில்ல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “மூளைக்கு வலி தெரியாதுங்க. அதைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குத் தெரியும். முகத்து நரம்போட கிளை ஒண்ணு அங்க போகுது. அது கிளம்புச்சுன்னா ஒருவகைப் புரதத்தைக் கக்கும். ரத்தக்குழாய் விரியும், நரம்பு இன்னும் சீண்டப்படும், வலிச்செய்தி மேல போகும். அடிக்கடி போகப்போக, செய்தியை வாங்குற இடமே பதறிப்போயிடும். அப்புறம் சீப்பு பட்டாக்கூட வலிதான். தினமும் போட்ட மாத்திரை அந்தப் பதற்றத்தைக் கூட்டியிருக்கு.”

மூளை வலிப்பதில்லை என்ற அளவில் மச்சினர் சொன்னதில் பாதி சரி என்பது அவருக்கு உறைத்தது. மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னது அதைவிட உறைத்தது.

“சிகரெட் புகைக்கே கட்டடம் பூரா கத்துற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கேன். அப்படித்தானே டாக்டர்?”

“மாத்திரைதான் செஞ்சுது.”

“போட்டது நான்தானே.”

மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும், மெதுவாக வேலை செய்யும் வேறு மருந்து உண்டு, முதல் பத்து நாள் கொடுமையாக இருக்கும், நடுவில் பழையதை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து என்றாள். மிச்சமிருந்த அட்டையை மனைவி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் அவர் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். வாந்தி இரண்டு முறை ஆகியிருந்தது.

“ஏங்க, எழுந்து உக்காருங்க. அலங்கோலமா கிடக்கு, தலையாவது சீவி விடறேன்.”

சீப்பு முடியைத் தொட்டதுதான் தாமதம். ஐம்பது வயது மனிதரிடமிருந்து குழந்தை அழுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

“முடியா வலிக்குது?”

“ஒவ்வொண்ணும்.” பிறகு, கண்ணைத் திறக்காமல், “அந்த அட்டையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணு குடும்மா. ஒண்ணுதான்” என்றார்.

ஐந்து நாளாக வீட்டுக்குள்ளும் கைப்பை அவள் தோளிலேயே இருந்தது. திறக்கவில்லை.

“எங்கம்மாவை எடுத்த அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

அவர் தலையாட்டப் பார்த்தார், முடியவில்லை. “ம்” என்றார்.

திரையின் இடுக்கில் ஒரு கீற்று வெயில் நழுவி அவர் கண்மேல் விழுந்திருந்தது. எழுந்துபோய்த் திரையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் அது விலகும் என்று தெரிந்தது.

வெயில் இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.